புது டிஃபெண்டர் சேற்றுக்கு ஆகாதா?

“புது லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்குச் சேஸியே இல்லை, லோ கியரும் இல்லை. செம்பனைத் தோட்டச் சேற்றில் படுத்துவிடும்” என்றொரு செய்தி மலேசியாவின் சுங்கை சிப்புட் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது.

தனிச் சேஸி, அதாவது வண்டியின் பாரத்தைத் தாங்கும் அடிச்சட்டம், இல்லை என்பது மட்டும்தான் நிஜம். 2020இல் வந்த வண்டியில் அலுமினிய உடற்கூடே அந்தப் பாரத்தைத் தாங்குகிறது. சேற்றிலும் மேட்டிலும் மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓட உதவும் லோ கியரும் (லோ ரேஞ்ச்) இருக்கிறது. 2016இல் தயாரிப்பு நின்ற பழைய வண்டி 500 மில்லிமீட்டர் தண்ணீரில்தான் இறங்கலாம்; காற்றழுத்தத்தால் வண்டியை உயர்த்தும் ஏர் சஸ்பென்ஷன் உள்ள புதியது 900 வரை, கிட்டத்தட்ட இடுப்பளவு.

பழையதைச் செம்மண் ஒட்டிய கையோடு, தோட்டப் பட்டறையிலேயே ஸ்பானர் வைத்துப் பிரித்துப் போடலாம். அந்த வசதி போனதில் எனக்கும் வருத்தம்தான்; அதற்காகப் பொய்யைப் பரப்ப முடியாது.

தயாரிப்பாளரின் இணையப் பக்கத்திலும் வண்டிக் கையேட்டிலும் சரிபாருங்கள். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.