வெள்ளைக் கொக்குக்கு +2 வைக்கச் சொல்லும் ஃபார்வர்டு தவறு

“வெள்ளைப் பறவை பறந்தால் கண்ணை மூடிக்கொண்டு எக்ஸ்போஷரை +2 வையுங்கள்” என்று பறவைப் படம் எடுப்பவர்களுக்கான ஒரு குறிப்பு நீலகிரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. (கேமரா தானாகக் கணிக்கும் வெளிச்சத்தை நாம் கூட்டுவது பிளஸ், குறைப்பது மைனஸ்.) சோலைக்காட்டை ஒட்டிப் பறக்கும் கொக்குக்கு இது அப்படியே தலைகீழ்.

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர், காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். ஃபிரேமில் பெரும்பகுதி இருண்ட சோலை என்றால் மீட்டரே வெளிச்சத்தைக் கூட்டிவிடும். அதன்மேல் +2-ஐயும் ஏற்றினால் இறகின் வரிகள் அழிந்து, கொக்கு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். முழுதாக வெளுத்ததை ரா ஃபைலிலும் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) மீட்க முடியாது. -1-இல் தொடங்குங்கள்; கொக்கு சிறிதாகத் தெரிந்தால் இன்னும் குறைக்க வேண்டிவரும்.

மேனுவல், அதாவது எல்லா அளவையும் நாமே வைப்பது, இன்னும் நல்லது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400, லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் வேகம் 1/3200 நொடி வைத்துப் பாருங்கள். பின்னணி மாறினாலும் கொக்கின் வெளிச்சம் மாறாது. (ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைக்க மறந்தால் கேமராவே ஐஎஸ்ஓவை மாற்றிவிடும், எல்லாம் வீண்.)

பிளஸ் சரியாகிற இடமும் உண்டு: பின்னால் மூடுபனியோ வெள்ளை வானமோ இருக்கும்போது. அந்த அறிவுரையில் பாதியை யாரோ வெட்டி அனுப்பிவிட்டார்கள் போல.

சந்தேகமா? கேமராவில் ஹைலைட் எச்சரிக்கையை ஆன் செய்து, +2, -1 என இரண்டு விதமாகவும் எடுங்கள். +2 படத்தில் வெளுத்துப்போன இடமெல்லாம் மினுக்கி மினுக்கிக் காட்டும். அந்தக் குறிப்பு உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.