நாடு வளர்ந்தால் பங்கும் வளருமா?

பங்குச் சந்தையில் பணம் போடச் சொல்லும் அந்த வீடியோவை இன்று காலையிலும் நண்பர்கள் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். மேடையில் ஒரே ஒரு வரைபடம், இந்தியாவின் ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு, மேலே ஏறுகிறது. "வளரும் நாட்டில் போட்ட பணம் வளராமல் எங்கே போகும்?" என்கிறார் பேச்சாளர். மண்டபமே கைதட்டுகிறது. அதன் கீழே நான் இட்ட பின்னூட்டத்துக்கு விழுந்த வசவுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நான் சொன்னது ஒன்றுதான். நாடு வளர்வது வேறு, பங்கு வாங்கியவருக்கு லாபம் வருவது வேறு.

இது என் கற்பனை இல்லை. ஜே ரிட்டர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், 1900 முதல் 2002 வரை 16 நாடுகளின் கணக்கைப் பார்த்தார். தனிநபர் ஜிடிபி வளர்ச்சிக்கும், பணவீக்கம் போக மிஞ்சிய பங்கு வருவாய்க்கும் உள்ள ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து ஏறினால் பிளஸ், எதிரெதிராகப் போனால் மைனஸ்) மைனஸ் 0.37. வேகமாக வளர்ந்த நாடுகளில் பங்குதாரர்களுக்குப் பொதுவாகக் குறைவாகவே கிடைத்திருக்கிறது.

பழைய கதை வேண்டாம் என்றால் சீனாவைப் பாருங்கள். 2007 அக்டோபரில் ஷாங்காய் பங்குச் சந்தைக் குறியீடு 6,124ஐத் தொட்டது. 2023 முடிந்தபோது 3,000க்கும் கீழே. இடைப்பட்ட காலத்தில் அந்நாட்டின் பொருளாதாரம் டாலர் கணக்கில் சுமார் ஐந்து மடங்கானது. 2007 நவம்பரில் பெட்ரோசைனா என்ற சீன எண்ணெய் நிறுவனத்தின் பங்கு 16.70 யுவானுக்கு வெளியிடப்பட்டு, முதல் நாளே 44 யுவானை ஒட்டி முடிந்தது. அன்று சந்தையில் வாங்கியவருக்கு ஒரே வருடத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. வரப்போகும் வளர்ச்சிக்கெல்லாம் சேர்த்து முன்கூட்டியே விலை கொடுத்துவிட்டால் பிறகு லாபம் எங்கிருந்து வரும்? நிறுவனங்கள் புதிது புதிதாகப் பங்குகளை வெளியிடும்போது பழைய பங்குதாரரின் பங்கு சுருங்குகிறது. போட்டி கடுமையானால் பலன் வாடிக்கையாளருக்கும் தொழிலாளிக்கும் போய்விடுகிறது. அது நாட்டுக்கு நல்லது. முதலீட்டாளரின் கணக்கில் மட்டும் ஏறாது.

"சென்செக்ஸ் ஏறவில்லையா?" என்று மும்பைப் பங்குக் குறியீட்டைக் காட்டுகிறார்கள். ஏறியிருக்கிறது, நான் மறுக்கவே இல்லை. ஆனால் 1989 இறுதியில் 38,915இல் இருந்த ஜப்பானின் நிக்கேய் பங்குக் குறியீடு அந்த உயரத்தை மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரியில்தான். பதினாறு நாடுகள் போதாது என்று என்னிடம் வாதாடுகிறவர், ஒரே நாட்டின் வரைபடத்துக்கு எப்படிக் கைதட்டினார்?

என் சித்தப்பா 2008 தொடக்கத்தில் இப்படி ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, பணி ஓய்வுப் பணத்தில் பெரும்பகுதியைப் பங்கு நிதியில் போட்டார். அந்த வருடக் கடைசியில் மகளின் கல்யாணத்துக்காகப் பாதி விலைக்கு விற்றார். நான்காக மடித்த கணக்குத் தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் முன்னால் விரித்து, "நாடு வளர்ந்துகொண்டுதானே இருக்கிறது?" என்று கேட்டார். ஆமாம், அந்த வருடமும் நாடு வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

இதைச் சொன்னதற்கா நான் நாட்டின் முன்னேற்றத்தைப் பொறுக்காதவன்? இந்தப் பட்டம் உண்மையிலேயே வலிக்கிறது. இந்த நாடு வளர வேண்டும் என்பதில் எனக்கு எவருக்கும் குறையாத ஆசை உண்டு. அந்த ஆசையைக் காட்டி ஓய்வூதியக்காரரின் சேமிப்பைக் கறப்பதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. வீடியோவில் முன்வரிசையைப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தலை நரைத்திருக்கிறது. அவர்களுக்கு ஜப்பானின் வரைபடத்தை ஏன் காட்டவில்லை என்று பேச்சாளரிடம் ஒருவராவது கேட்டீர்களா?

பின்னூட்டத்தை நீக்கச் சொல்லி உட்பெட்டிக்கு வருகிறவர்களுக்கு: நீக்க மாட்டேன்.