பிரஷர் இருந்தாலே பிள்ளைக்கு மனநோயா?
கர்ப்பத்தில் பிரஷர் ஏறினாலோ குறைமாதத்தில் பிறந்தாலோ பிள்ளைக்குப் பின்னாளில் மனநோய் வரும் என்று இங்கே வந்திருக்கும் கட்டுரை அடித்துச் சொல்கிறது, வாய்ப்பு கொஞ்சம் கூடும் என்பதும் வரும் என்பதும் ஒன்றா? ஸ்வீடனில் லட்சக்கணக்கான பிறப்புப் பதிவுகளை எடுத்து, ஒரே தாய்க்குக் குறைமாதத்தில் பிறந்த பிள்ளையையும் நிறைமாதப் பிள்ளையையும் ஒப்பிட்டு 2013இல் ஒரு ஆய்வு வந்தது. ஏடிஎச்டி (கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும்), ஆட்டிசம் போன்றவற்றோடு குறைமாதப் பிறப்புக்கு இருந்த தொடர்பு அப்படியே நீடித்தது, ஆனால் தற்கொலை முயற்சி, போதைப் பழக்கம் இவற்றோடு இருந்த தொடர்பு பெருமளவு குறைந்துவிட்டது, அதாவது அதில் குடும்பப் பின்னணிக்கும் பங்கு உண்டு. கட்டுரைக்கு வந்த கருத்துகளில் ஒருவர், அம்மா வாயைக் கட்டாததுதான் பிரஷருக்குக் காரணம் என்று எழுதியிருக்கிறார், தொண்டியில் என் மதினியும் இதைத்தான் கேட்டு நொந்தார்: கர்ப்பத்தில் பிரஷர் இருந்தது, மூத்தவன் எட்டாம் மாசத்திலேயே பிறந்தான், மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை, உடனே மாமியார் "நீ கருவாட்டை விட்டியா" என்று ஆரம்பித்துவிட்டார் (கர்ப்பத்தில் வரும் இந்த வகைப் பிரஷர் பல சமயம் நஞ்சுக்கொடி சரியாகப் பதியாததில் தொடங்குவது, கருவாட்டில் இல்லை). மனநோய் தீர வேண்டிப் போகும் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போகலாம் என்றுகூடப் பேச்சு வந்தது. மதினி ரேஷன் கார்டோடு பாலிதீன் கவரில் வைத்திருந்த தாய் சேய் அட்டையில் பிரஷர் 150/100 என்று எழுதிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது, பேச்சுப் பயிற்சிக்குப் போன இடத்தில் அதைப் பார்த்த பிறகுதான் காது பரிசோதனைக்கே எழுதிக் கொடுத்தார்கள். பயமுறுத்துவதற்குப் பதில், அந்த அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். அப்புறம், பிரசவத்துக்குப் பிறகு தாய்க்கு வரும் மனச்சோர்வு பிள்ளையை எப்படிப் பாதிக்கிறது என்பதைப் பற்றி இத்தனை நீளக் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லையே?