பிடியில் மூன்று வண்ண நூல், இணைப்பின் வாயில் வெறும் கார்பன்

இரண்டு துண்டாகக் கழற்றி மாட்டும் தூண்டில் கம்பு எந்த இடத்தில் பிளக்கும் என்பது, கம்பு கட்டுவதைத் தொழிலாகக் கொண்ட அனைவருக்கும் தெரியும். அடித்துண்டின் மேல் வந்து உட்காரும் நுனித்துண்டின் வாய் விளிம்புதான் அந்த இடம். தெரிந்திருந்தும் அதை அரைகுறையாக விட்டுவிட்டு, பிடிக்கு மேலே மூன்று வண்ண நூலில் வைரக் கட்டம் பின்னி, பெயரையும் எழுதி அனுப்புகிறார்களே, இதைப் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

நான் அளவு சொல்லிச் செய்வித்த கம்பின் நிலையைச் சொல்கிறேன். விளிம்பிலிருந்து 4 மி.மீ. வரை வெறும் கார்பன் இழைக் குழாய். அதன் பிறகுதான் நூல் சுற்றே தொடங்குகிறது. அந்தச் சுற்றும் ஒரு விரல் அகலம்தான் இருக்கிறது. அதன் ஓரத்தில் அலங்காரத்துக்காக ஒரு வெள்ளிக் கோடு வேறு! விளிம்பில் தொடங்கிய மயிரிழை விரிசல் அந்த 4 மி.மீ. தூரத்தை நேர்க்கோடாகக் கடந்து, நூலுக்கு அடியில் புகுந்து, மேலே உள்ள எபாக்ஸிப் பிசின் பூச்சில் வெளிறிய கீற்றாகத் தெரிகிறது. நகத்தால் நெருடினால் விரிசலின் இரண்டு பக்கமும் தனித்தனியே அசைகின்றன.

இது ஏதோ அரிதாக நேரும் விபத்து அன்று. கார்பன் கம்பின் இழைகளில் பெரும்பகுதி அதன் நீளவாக்கில்தான் ஓடுகின்றன. வளைவைத் தாங்கும் வலிமை அவற்றால்தான் வருகிறது. ஆனால் குழாயின் வாயை வட்டமாகப் பிடித்து வைத்திருக்கும் வேலையைக் குறுக்குவாக்கில் உள்ள சொற்ப இழைகளும் பசையும்தான் செய்கின்றன. மீன் இழுக்கும்போது கம்பு வளைகிறது. உள்ளே இருக்கும் அடித்துண்டு நெம்புகோலாக மாறி, விளிம்பை உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. வட்டமாக இருக்கும் வாய் நீள்வட்டமாக நசுங்கப் பார்க்கிறது. அந்த விரிவைத் தடுத்து நிறுத்துவதற்கென்றுதான் குறுக்கே நூல் சுற்றுகிறோம். உளியின் மரப்பிடி பிளக்காமல் இருக்கப் பூண் போடுகிறவர், பூணைப் பிடியின் முனையில் போடுவாரா, முனையை விட்டுவிட்டு உள்ளே தள்ளிப் போடுவாரா? சுற்று விளிம்பிலேயே தொடங்க வேண்டும். அடித்துண்டு உள்ளே சென்றிருக்கும் தூரம் முழுவதையும் மூடி, அது முடியும் இடத்தையும் சற்றுத் தாண்ட வேண்டும். ஏனென்றால் உள்துண்டின் முனை முட்டும் அந்த இடத்திலும் விசை குவிகிறது.

இதெல்லாம் நேற்று முளைத்த அறிவும் அன்று. மூங்கில் பட்டைகளை ஒட்டிக் கம்பு செய்த காலத்தில் நிக்கல் சில்வர் குழாய்களால் துண்டுகளை இணைத்தார்கள். அந்த உலோகக் குழாயின் வாயில்கூடத் தடித்த வளையம் ஒன்றை வைத்தார்கள். உலோகத்துக்கே அது தேவைப்பட்டது. ஃபென்விக் என்ற அமெரிக்கத் தூண்டில் கம்பு நிறுவனம் 1973இல் கார்பன் கம்புகளைச் சந்தைக்குக் கொண்டுவந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது; இன்னும் ஒருவர் கார்பன் குழாயின் வாயை மொட்டையாக விட்டு அனுப்புகிறார் என்றால் அதற்குப் பெயர் அலட்சியம்தான்.

கேட்டால் எடை கூடிவிடும் என்று பதில் வருகிறது. கணக்குப் போட்டே பார்க்கலாம். இணைப்பின் விட்டம் 10 மி.மீ., சுற்றின் நீளம் 5 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், மெல்லிய ‘ஏ’ அளவு நூல் ஏறத்தாழ 10 மீட்டர் போதும். பூச்சையும் சேர்த்து ஒரு கிராம் அளவில்தான் எடை கூடும். பிடிக்கு மேலே நூலை அடுக்கடுக்காகப் போட்டு, அதன் மேல் கண்ணாடி போலப் பூச்சை ஊற்றியபோது இந்த எடைக் கவலை எங்கே போயிருந்தது? கம்பின் வளைவு கெட்டுவிடும் என்பது இன்னொரு சாக்கு. இரண்டு சுவர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் அந்த இடம் ஏற்கெனவே விறைப்பானதுதான். ஒற்றை அடுக்கு நூல் அங்கே புதிதாகக் கெடுக்க ஒன்றும் இல்லை.

அடுத்து வருவது, பயன்படுத்துகிறவர் மேல் பழியைப் போடும் பதில்: “நீங்கள் இறுக்கமாகச் செருகியிருக்க மாட்டீர்கள்.” வீசி வீசி இணைப்பு தளர்ந்தால் விளிம்பு பிளக்கும் என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் செருகும் பாகத்தில் மெழுகு தேய்த்து, கால் திருப்புத் திருப்பி அழுத்தி, இரண்டு துண்டுகளிலும் இட்ட கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று மீன்பிடிக்கும் நேரத்திலும் இடையிடையே பார்த்துக்கொண்டே இருந்தேன். அதை எடுத்துச் சொன்ன பிறகும் அந்த 4 மி.மீ. வெற்றிடத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பதில் இல்லை. இணைப்பு சற்றே தளர்ந்தாலும் தாங்குவதற்குத்தானே அந்தச் சுற்று?

பூச்சுப் பூசிய விதத்திலும் அதே அசட்டை. விளிம்பருகே எபாக்ஸி பூசும்போது அது வாயின் உள்ளே கசிந்து இறங்காமல் பார்த்துக்கொள்வது கம்பு கட்டுவதில் அடிப்படைப் பாடம். என் கம்பில் உள்ளே கசிந்து, ஒரு பக்கத்தில் மட்டும் மேடாக உறைந்திருக்கிறது. அதனால் இணைப்பு முழுவதுமாக உட்காரும் முன்பே கைக்கு இறுக்கமாகத் தோன்றுகிறது. அதைச் சரிசெய்ய அடித்துண்டின் முனையை உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளச் சொன்னார்கள். துண்டுகள் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும் சரிவை அப்படித் தேய்த்தே அழித்துவிட்டால், பிறகு எந்த மெழுகும் அதை மீட்டுத் தராது. தவறாக உறைந்திருப்பது உள்ளே. தேய்க்கச் சொல்வது வெளியே!

கடைசியாக அவர்கள் முன்வைத்த தீர்வு, பிளந்த பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, மிச்சத்தில் நூல் சுற்றித் தருவது. வெட்டினால் விரிசல் போகும், உண்மை. கூடவே ஒன்றன் மேல் ஒன்று உட்காரும் நீளமும் குறையும். நீளம் குறைந்தால் அதே வளைவுக்கு விளிம்பின் மேல் விழும் நெம்பு விசை இன்னும் கூடும். முதல் தவற்றால் வந்த பிளவைச் சரிசெய்கிறோம் என்ற பெயரில் அடுத்த பிளவுக்கு வழி வகுக்கும் இந்த வேலைக்குக் கூலி வேறு கேட்கிறார்கள். எனக்கு வேண்டியது புதிய நுனித்துண்டு. அதன் விளிம்பிலிருந்தே இடைவெளியின்றித் தொடங்கும் நூல் சுற்று. உள்ளே ஒரு துளிகூடக் கசியாத பூச்சு. வெள்ளிக் கோடு வேண்டாம், வைரக் கட்டம் வேண்டாம், பெயரும் வேண்டாம். இதை எழுத்தில் கேட்டிருக்கிறேன், வெட்டிய துண்டை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறேன்.