எடை குறைந்தால் பேஸ் குறையுமா?
பேஸ் கிட்டாருக்கான ஸ்பீக்கர் பெட்டிகளைப் பற்றிய கட்டுரையில், ‘கேபினெட் (பெட்டி) எடை குறைந்தால் பேஸும் (கீழ்ச்சுர ஒலியும்) மெலிந்துவிடும்’ என்று இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்பீக்கரில் பழைய ஃபெரைட் காந்தம் தரும் விசையை அதைவிடப் பல மடங்கு சிறிய நியோடிமியம் காந்தமே தந்துவிடும். எடை குறைவது பெரும்பாலும் அங்கேதான். கீழ்ச்சுரத்தைத் தீர்மானிப்பவை பெட்டியின் உள்ளளவும் ஸ்பீக்கரின் கூம்பு தள்ளும் காற்றும். மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். நாற்பது கிலோ 4x10 (பத்து அங்குல ஸ்பீக்கர் நான்கு) பெட்டியைக் கோயில் திருவிழா மேடையின் பலகைப் படியில் இரண்டு பேர் பிடித்து ஏற்றிய நாட்களில், முதல் பாட்டிலேயே இடது கைவிரல்கள் நடுங்கும். இப்போது இரண்டு 1x12 (பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று) பெட்டிகள், ஒவ்வொன்றும் பதினான்கு கிலோ. 41 ஹெர்ட்ஸ் ‘இ’ தந்தி திறந்த மேடையிலும் நெஞ்சில் வந்து விழுகிறது. ‘பெட்டி ஒன்றே போதும்’ என்று மேலே கருத்து எழுதிய நண்பருக்கு: சின்ன ஹாலுக்குச் சரி, வெளியரங்குக்குப் போதாது. வாங்கினால் 8 ஓம் (மின்தடை அளவு) பெட்டியாகவே வாங்குங்கள். பிறகு இன்னொன்றை இணையாகச் சேர்த்தால் 4 ஓம், பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர்கள் அதைத் தாங்கும். ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்துங்கள், மேல்பெட்டி உங்கள் காதுக்கு நேரே வாசிக்கும். வாங்கும் முன் பக்கப்பலகையில் கை வைத்துப் பாருங்கள். உள்ளே குறுக்குச்சட்டம் இல்லாத மெல்லிய பலகை கீழ்ச்சுரத்தில் அதிரும், அந்தப் பெட்டியை மட்டும் வேண்டவே வேண்டாம்.