கிறிஸ்டியன் வாட்சனின் கால்களும் கிரீன் பேயின் கணக்கும்

வைட் ரிசீவர் கிறிஸ்டியன் வாட்சனைப் பற்றி, அமெரிக்கக் கால்பந்து அணியான கிரீன் பே பேக்கர்ஸ் கவலைப்படுவதில் தவறே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2022 முதல் 2024 வரையிலான மூன்று பருவங்களில் அந்த அணி ஆடிய 51 லீக் ஆட்டங்களில் அவர் களமிறங்கியவை 38 மட்டுமே. நான்காவது பருவமான 2025இன் முதல் ஆறு ஆட்டங்களையும் அவர் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றுதான் பார்த்தார். இப்படிப்பட்ட ஒருவரை நம்பித் தாக்குதல் திட்டத்தை வகுக்கும் பயிற்சியாளருக்கு உறக்கம் கெடுவது இயல்பே. ஆனால் அந்தக் கவலையை ரசிகர்கள் பேசுகிற விதத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அடிக்கடி காயப்படுகிறவர் என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டு, எந்தக் காயம், எப்போது, எதனால், அதில் அணியின் பங்கு என்ன என்று கேட்காமலேயே கடந்துபோகிறார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால் கவலை நீங்கிவிடாது; எதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்பதாவது தெளிவாகும்.

அமெரிக்கக் கால்பந்தைப் பின்தொடராத நண்பர்களுக்காகச் சில வரிகள். வைட் ரிசீவர் என்பவர் களத்தின் ஓரத்தில் நின்று, ஆட்டம் தொடங்கியதும் முழு வேகத்தில் ஓடி, சட்டென்று திசை மாறி, குவாட்டர்பேக் எறியும் பந்தைப் பிடிப்பவர். நின்ற நிலையிலிருந்து உச்ச வேகத்துக்குப் போவதும், அந்த வேகத்திலிருந்து இரண்டு மூன்று அடிகளில் நின்று திரும்புவதும்தான் அவருடைய தொழில். அதை ஓர் ஆட்டத்தில் முப்பது நாற்பது முறை செய்ய வேண்டும்; பிடித்த மறுகணம் யாராவது ஒருவர் வந்து மோதுவார். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் ஒரு பருவத்தில் ஓர் அணிக்கு 17 லீக் ஆட்டங்கள்தாம் என்பதால், நான்கு ஆட்டங்களைத் தவறவிட்டாலே ஏறத்தாழ கால்வாசிப் பருவம் போய்விடும்.

வாட்சன் இந்த அணிக்கு வந்த சூழலே அவர்மீது சுமையை ஏற்றியது. 2022 மார்ச்சில் தாவன்டே ஆடம்ஸ் என்ற முதல்தரமான ரிசீவரை பேக்கர்ஸ் லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸ் அணிக்கு அனுப்பியது. அதில் கிடைத்த இரண்டு டிராஃப்ட் (புதிய வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) வாய்ப்புகளில் ஒன்றான 53ஆவது இடத்தையும், கையிலிருந்த 59ஆவது இடத்தையும் மின்னசோட்டா வைக்கிங்ஸிடம் கொடுத்து, 34ஆவது இடத்துக்கு முன்னேறி வாட்சனைத் தேர்ந்தெடுத்தது. ஆறடி நான்கு அங்குல உயரம். நாற்பது யார்டை 4.36 நொடியில் கடக்கும் வேகம். அந்த உயரத்தில் அந்த வேகம் அரிது. வந்ததோ நார்த் டகோட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து. கல்லூரிக் கால்பந்தின் இரண்டாம் அடுக்கில் அது பெரிய பெயர்தான் என்றாலும், பந்தை எறிவதைவிடக் கையில் ஏந்தி ஓடுவதையே அதிகம் நம்பி ஆடும் அணி என்பதால் அவர் அங்கே பிடித்த பந்துகள் அதிகமில்லை. அவருடைய தந்தை டிம் வாட்சனையும் 1993 டிராஃப்டில் இதே பேக்கர்ஸ் தேர்ந்தெடுத்திருந்தது என்பது ஒரு சுவையான தகவல், அவ்வளவே.

முதல் பருவத்தில் பேக்கர்ஸ் ஆடிய முதல் ஆட்டத்தின் முதல் எறிதலே அவருக்கு வந்தது. ஆரோன் ராட்ஜர்ஸ் எறிந்த பந்து கைக்குள் விழுந்தது, முன்னால் யாருமில்லை, 75 யார்டு டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் கொண்டுசேர்ப்பது) உறுதி என்றிருந்த நிலையில் அவர் அதைத் தவறவிட்டார். அடுத்த இரண்டு மாதங்கள் காயங்களோடு கழிந்தன. பிறகு நவம்பர் 13 அன்று டாலஸ் கவ்பாய்ஸுக்கு எதிராகப் பந்தைப் பிடித்து 107 யார்டு தூரம் முன்னேறி, மூன்று டச் டவுன்களும் எடுத்தார். அதிலிருந்து நான்கு ஆட்டங்களில் மொத்தம் எட்டு டச் டவுன்கள். எல்லோருடைய எதிர்பார்ப்பும் அந்த நான்கு வாரங்களில்தான் உருவானது என்று நினைக்கிறேன். பின்னர் வந்த ஏமாற்றத்தின் அளவும் அங்கேயே தீர்மானமாகிவிட்டது.

இனி காயங்களுக்கு வருவோம். 2022 கோடையில் முழங்காலில் சிறு அறுவைச் சிகிச்சை; அதனால் பயிற்சி முகாமின் பெரும்பகுதி போயிற்று. அந்தப் பருவத்திலேயே ஹாம்ஸ்ட்ரிங் எனும் பின்தொடைத் தசையில் இழுப்பு, பிறகு பஃபலோவில் தலையில் அடிபட்டு மூளை அதிர்வு. 2023இல் ஹாம்ஸ்ட்ரிங் காரணமாக முதல் மூன்று ஆட்டங்கள் போயின. டிசம்பரில் கன்சாஸ் சிட்டிக்கு எதிராக இரண்டு டச் டவுன்கள் எடுத்த அதே இரவில் மறுபடியும் ஹாம்ஸ்ட்ரிங், கடைசி ஐந்து ஆட்டங்களும் போயின. 2024இல் கணுக்கால், முழங்கால் என்று இரண்டு ஆட்டங்கள். 2025 ஜனவரி 5 அன்று, பருவத்தின் கடைசி லீக் ஆட்டத்தில், சிகாகோ பேர்ஸுக்கு எதிராக, யாரும் தொடாமலேயே வலது முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிந்தது.

வரிசையாகப் படித்தால் நீளமான பட்டியல்தான். ஆனால் இவற்றை ஒரே கணக்கில் வரவு வைப்பது சரியா? மோதலில் வந்த மூளை அதிர்வுக்கும் தொடைத் தசைக்கும் தொடர்பு இல்லை. கணுக்கால் சுளுக்கு இந்த விளையாட்டில் யாருக்கும் வரும். உண்மையிலேயே திரும்பத் திரும்ப வந்து இரண்டு பருவங்களைக் கெடுத்தது ஹாம்ஸ்ட்ரிங் ஒன்றுதான். அணி கவலைப்பட்டிருக்க வேண்டியதும் அதைப் பற்றித்தான்.

கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர்களின் செய்திகளைப் படிப்பவர்களுக்கு ஹாம்ஸ்ட்ரிங் பழகிய பெயர்; தொடையின் பின்புறத் தசைத்தொகுதி. முழு வேகத்தில் ஓடும்போது, முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, அந்தத் தசை நீண்டுகொண்டே காலின் வேகத்தைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. பெரும்பாலான கிழிசல்கள் அந்தக் கணத்தில்தான் நிகழ்கின்றன. ஒருமுறை கிழிந்த ஹாம்ஸ்ட்ரிங் மறுபடி கிழிவதற்கான வாய்ப்பு மிக அதிகம் என்பது விளையாட்டு மருத்துவத்தில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. என்எஃப்எல்லில் 1989 முதல் 1998 வரை திரட்டிய பத்தாண்டுத் தரவில், பாதிக்கும் மேற்பட்ட ஹாம்ஸ்ட்ரிங் காயங்கள் பருவத்துக்கு முந்தைய பயிற்சி வாரங்களிலேயே ஏற்பட்டிருந்தன. ஓய்விலிருந்து வந்த கால்களை ஒரேயடியாக உச்ச வேகத்துக்கு விரட்டுவதன் விளைவு அது என்று கொள்வதில் தவறிருக்காது. அதாவது, இது பெருமளவுக்குப் பயிற்சியின் அளவையும், திரும்பி வரும் வேகத்தையும், தசையின் வலுவையும் பொறுத்தது. மூன்றும் ஓர் அணி கவனிக்கக்கூடிய விஷயங்கள்.

2024 பருவத்துக்கு முன்பு அதைத்தான் செய்தார்கள். 2021இல் என்எஃப்எல் ஹாம்ஸ்ட்ரிங் ஆய்வுக்கென்று 40 லட்சம் டாலர் நிதி வழங்கியபோது, அந்த ஆய்வுக்குத் தலைமை ஏற்றது மேடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகம். கிரீன் பேயிலிருந்து இரண்டு இரண்டரை மணி நேரக் கார்ப் பயணம். வாட்சன் அங்கே போய்ப் பரிசோதித்துக்கொண்டார். அவருடைய இரு கால்களின் வலுவுக்கும் இடையே கணிசமான ஏற்றத்தாழ்வு இருப்பது தெரியவந்தது. அதைக் குறைப்பதற்கான பயிற்சிகளை அந்த இடைவெளி முழுவதும் செய்தார். விளைவு என்ன? 2024இல் 15 ஆட்டங்கள் ஆடினார். அவர் தவறவிட்ட இரண்டுக்கும் காரணம் ஹாம்ஸ்ட்ரிங் அல்ல. ஒரே பருவத்தை வைத்து நோய் தீர்ந்தது என்று அறிவிக்க நான் மருத்துவன் அல்லன். ஆனால் பக்கத்து ஊரில் கிடைத்த உதவியை நாட இரண்டு பருவங்கள் பிடித்தது ஏன் என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. இதைக் கேட்காமல் வீரரின் உடம்பைப் பழிப்பது சுலபமான வேலை.

ஜனவரி 5 ஆட்டத்தைப் பற்றியும் எனக்கு மனக்குறை உண்டு. லீக் ஆட்டங்களுக்குப் பிறகு வரும் நாக்அவுட் சுற்றான பிளேஆஃபில் பேக்கர்ஸ் அதற்கு முன்பே இடத்தை உறுதி செய்திருந்தது. அந்த ஆட்டத்தின் முடிவு மாற்றக்கூடியது அந்தச் சுற்றில் அணிக்குரிய வரிசை எண்ணை மட்டுமே. வாட்சனோ முழங்கால் பிரச்சினையால் முந்தைய வார ஆட்டத்தில் ஆடாதவர். அந்தப் பிரச்சினைதான் கிழிசலுக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஏசிஎல் அப்படிக் கணக்குப் பார்த்துக் கிழிவதில்லை. ஆனாலும், காய வரலாறு உள்ள ஒருவரை, பெரிதாக எதுவும் பணயத்தில் இல்லாத குளிர்கால ஆட்டத்தில் இறக்கும் முடிவை எடுத்தவர்கள், பிறகு அவருடைய வருகைக் குறைவைப் பற்றிப் பேசும்போது சற்றுத் தயங்க வேண்டும். அன்று ஆட்டமும் 24-22 என்று கை நழுவியது.

எதிர்த்தரப்பு வாதம் வலுவற்றது அல்ல. 2023இன் இறுதியில் வாட்சன் இல்லாமலேயே கடைசி மூன்று ஆட்டங்களையும் வென்றுதான் குவாட்டர்பேக் ஜோர்டன் லவ்வின் இளம் அணி பிளேஆஃபுக்குப் போனது. மூன்று பருவங்களில் அவர் பிடித்த பந்துகள் 98 மட்டுமே. முன்னணி ரிசீவர் ஒருவர் ஒரே பருவத்தில் பிடிக்கும் எண்ணிக்கை அது. ஜோஷ் ஜேக்கப்ஸ் 2024 பருவம் முடிந்ததும், அணிக்கு நிரூபிக்கப்பட்ட முதன்மை ரிசீவர் ஒருவர் தேவை என்று வெளிப்படையாகவே சொன்னார். சக வீரர் சொல்லும்போது அதைப் புறக்கணிக்க முடியாது.

ஆனால் பிடித்த பந்துகளின் எண்ணிக்கை வாட்சனின் மதிப்பை முழுதாகக் காட்டுவதில்லை. 2024இல் அவர் 29 பந்துகளில் 620 யார்டுகள் எடுத்தார். ஒரு பந்துக்குச் சராசரி 21 யார்டுக்கும் மேல். இப்படி ஒருவர் களத்தில் இருக்கும்போது, எதிரணியின் கடைசி வரிசைத் தற்காப்பாளர் முன்னேறி வரத் துணிவதில்லை. அந்தப் பயத்தால் திறக்கும் நடுப்பகுதியில்தான் ஜேடன் ரீடும் ரோமியோ டப்ஸும் டக்கர் கிராஃப்டும் பந்து பிடித்தார்கள். பந்தே வராத ஆட்டங்களிலும் அவர் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். அவர் இல்லாத நாட்களில் லவ் எறிவதற்கு இருக்கும் இடம் குறுகிப்போவதைக் கவனித்துப் பார்ப்பவர்கள் உணர்வார்கள்.

அடிக்கடி காயப்படுபவர் என்ற முன்முடிவு எவ்வளவு நம்பத்தகாதது என்பதற்கு இரண்டு ரிசீவர்களைச் சொல்லலாம். சிகாகோ 2015 டிராஃப்டில் ஏழாவது இடத்தில் எடுத்த கெவின் ஒயிட், முதல் பருவத்தைக் கணைக்கால் எலும்பின் நுண்முறிவால் இழந்தார்; இரண்டாம் பருவம் நான்கு ஆட்டங்களோடும் மூன்றாம் பருவம் ஒரே ஆட்டத்தோடும் முடிந்தன. அவர் மீளவேயில்லை. கீனன் ஆலனுக்கோ 2015இல் எட்டு ஆட்டங்களோடு சிறுநீரகக் கிழிசல், 2016இன் முதல் ஆட்டத்திலேயே ஏசிஎல் கிழிசல். அன்றைக்கு அவரைப் பற்றியும் இதே பேச்சுதான். 2017இல் 16 ஆட்டங்களும் ஆடி 102 பந்துகளும் 1,393 யார்டுகளும் எடுத்தார். 2016இன் இறுதியில் இவ்விருவருடைய காயப் பட்டியலையும் பெயர் மறைத்து யாரிடமாவது கொடுத்திருந்தால், எவர் பிழைப்பார் என்று சரியாகச் சொல்லியிருப்பார்களா என்பது ஐயமே.

ஆகவேதான் பேக்கர்ஸ் நிர்வாகம் 2025இல் செய்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஏப்ரலில், தங்கள் ஊரிலேயே நடந்த டிராஃப்டில், 23ஆவது இடத்தில் மேத்யூ கோல்டனை எடுத்தார்கள். 2002க்குப் பிறகு முதல் சுற்றில் அவர்கள் ரிசீவரை எடுத்தது அதுவே முதல் முறை. நாற்பது யார்டை 4.29 நொடியில் ஓடியவர். வாட்சனின் வேகத்துக்கு மாற்று தேடினார்கள் என்பது வெளிப்படை. செப்டம்பரில், வாட்சன் இன்னும் மறுவாழ்வுப் பயிற்சியில் இருந்தபோதே, அவருடைய ஒப்பந்தத்தை ஓராண்டு நீட்டித்து 2026 வரை கொண்டுபோனார்கள். இரண்டாம் சுற்றில் எடுத்த வீரர்களின் ஒப்பந்தத்தைத் தானாக ஐந்தாம் ஆண்டுக்கு நீட்டிக்கும் உரிமை அணிக்குக் கிடையாது என்பதால், இல்லாவிட்டால் அவர் அந்தப் பருவத்தோடு போயிருப்பார். சில ரசிகர்கள் அதைக் கருணைத் தொகை என்று கேலி செய்தார்கள். ஏசிஎல் கிழிந்தவரின் விலை தாழ்ந்திருக்கும் நேரத்தில் ஓராண்டை வாங்கி வைத்தது கருணையா என்ன? வீரருக்கோ, அவசரப்பட்டு ஓடித் தன்னை நிரூபிக்க வேண்டிய நெருக்கடி குறைந்தது. இரு தரப்புக்கும் நியாயமான பேரம்.

அக்டோபர் 26 அன்று, காயம்பட்டு பத்து மாதம் நிறைவதற்கு முன்பே, பிட்ஸ்பர்கில் திரும்பி வந்து நான்கு பந்துகளில் 85 யார்டுகள் எடுத்தார். எதிரணியின் குவாட்டர்பேக் அதே ஆரோன் ராட்ஜர்ஸ். அதற்கு முன்பே, காயப்பட்டவர் என்ற பெயர் அவ்வளவாக இல்லாத ஜேடன் ரீட் காறை எலும்பு முறிந்து வெளியே போயிருந்தார். அடுத்த வாரமே கிராஃப்டின் ஏசிஎல் கிழிந்தது. வாட்சனை மட்டும் தனியே நிறுத்திக் கவலைப்பட்டவர்கள் இந்த இருவரை எந்தப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள் என்று தெரியவில்லை.

அடுத்த ஒப்பந்தப் பேச்சு எப்படிப் போக வேண்டும் என்று என்னைக் கேட்டால், முழுத்தொகையையும் உத்தரவாதமாகக் கொடுக்கும் நீண்ட ஒப்பந்தத்தை நான் ஆதரிக்க மாட்டேன். களமிறங்கும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இவ்வளவு என்று ஊக்கத்தொகை வைக்கும் வழக்கம் என்எஃப்எல்லில் ஏற்கெனவே இருக்கிறது. சம்பளத்தில் ஒரு பெரும்பங்கை அந்த வழியில் வைத்து, இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்குப் பேசலாம். பருவத்துக்கு முந்தைய காட்சி ஆட்டங்களில் அவரை இறக்கவே கூடாது. லீக் ஆட்டங்களிலும் ஒவ்வொரு முறையும் அவரைக் களத்துக்கு அனுப்பாமல், ஆழமாக ஓட வேண்டிய இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பந்தோடு ஓடும் சக வீரருக்காக எதிரணியினரைத் தடுத்து நிறுத்துவது போன்ற, உடம்பை மோதவிடும் வேலைகளைச் சக ரிசீவர்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும். கோல்டன் இருப்பதால் பயிற்சியாளர் மேட் லஃப்ளூருக்கு இப்போது அந்த வசதி இருக்கிறது, 2023இல் இருந்ததில்லை.