கஷ்டகாலக் கதையைச் சோற்றுத் தட்டில் பரிமாறாதீர்கள்

சோற்றை மிச்சம் வைக்கும் ஐந்து வயதுப் பிள்ளையிடம், "எங்கள் காலத்தில் இதற்கே வழியில்லை, தெரியுமா?" என்று தொடங்கும் பெரியவர்கள் மேல் எனக்கு நெடுநாள் கோபம். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் இந்த வசனம் ஒலிக்காத வீடு உண்டா என்றே சந்தேகம். பிள்ளைக்கு அந்த நேரத்தில் பசி இல்லை, அவ்வளவுதான். அதற்காக மூன்று தலைமுறை வறுமையையும் எடுத்து அதன் தலையில் கொட்ட வேண்டுமா? பாட்டா (எங்கள் ஊரில் தாத்தாவை அப்படித்தான் அழைப்போம்) வாயைத் திறந்தால் திட்டு வரும் என்பதைத் தவிர அது வேறு எதையும் கற்றுக்கொள்ளப் போவதில்லை.

கதையைச் சொல்லத்தான் வேண்டும். ஏழெட்டு வயதிலேயே தொடங்கிவிடலாம். ஆனால் ஏன் கஷ்டம் வந்தது, யார் எதைக் கொடுத்துச் சமாளித்தார்கள் என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும். நம் வீடுகளில் இந்த இரண்டையும்தான் விட்டுவிடுகிறோம்.

என் பாட்டா மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளிக் கிழங்கு, தின்று வளர்ந்தவர். "அரிசி வாங்கக் காசில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார் அப்பா. பாட்டாவின் அப்பா உழைக்காதவர் போலிருக்கிறது என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். நடந்தது வேறு. அன்று நம் மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. சமஸ்தானத்தின் நெல் அதன் வயிற்றுக்குப் போதாது. பர்மாவிலிருந்து கப்பலில் வந்த அரிசியை நம்பித்தான் பல வீடுகளில் உலை வைத்தார்கள். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த அரிசி நின்றது. மாவட்டத்தின் கிழக்கே நாஞ்சில் நாட்டு வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்தும், மேற்கே மேட்டு நிலத்துக் கூலிக் குடும்பங்களுக்கு அரிசி விலை எட்டவில்லை. காப்பாற்றியது கிழங்கு. 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனியைப் பயிரிடச் சொல்லி ஊக்குவித்தது இரண்டு தலைமுறை கழித்து இப்படிக் கைகொடுத்தது.

இதை என் மகளுக்குச் சொன்னபோது உலக உருண்டையை எடுத்துவைத்துக்கொண்டு பர்மாவைத் தேடினாள். அது இப்போது மியான்மர் என்று காட்டினேன். "அந்தக் கப்பல்காரர்கள் பிறகு என்ன வேலைக்குப் போனார்கள்?" என்று கேட்டாள். பாட்டா உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கேள்விக்காகவே ஒரு கருப்பட்டித் துண்டு கொடுத்திருப்பார்.

அம்மாவின் அம்மா அண்டியாபீஸுக்குப் போனவர். வெளியூர் நண்பர்களுக்காக: அது முந்திரிப்பருப்பு ஆலை. வறுத்த கொட்டையை உடைக்கும்போது வழியும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். கையில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டு உடைப்பார்கள். கூலி நாள் கணக்கில் கிடையாது, எடைக் கணக்கில்தான். பருப்பு முழுதாக வர வேண்டும். உடைந்தால் விலை குறைவு. பிள்ளைகளிடம் நான் பாட்டியின் தியாகத்தைப் பற்றிப் பேசவில்லை. சாம்பலைப் பற்றியும் தராசைப் பற்றியும்தான் சொன்னேன். "அவ்வளவு பருப்பு கையில் இருக்கும்போது பாட்டிக்கு ஏன் பசித்தது?" என்று சின்னவன் கேட்டான். பொருளாதாரம் படித்தவர்கள் யாராவது இதைவிட நல்ல கேள்வி கேட்டிருந்தால் சொல்லுங்கள்.

அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற இரு உளவியலாளர்கள், குடும்பக் கதை பற்றி இருபது கேள்விகள் தயாரித்துப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். பதில் அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்னம்பிக்கை கூடுதலாக இருந்ததாம். உடனே பாட்டா பெயரையும் பாட்டி ஊரையும் மனப்பாடம் செய்யவைக்கக் கிளம்பிவிடாதீர்கள். உட்கார்ந்து பேசுகிற வீடு என்பதே அந்தத் தன்னம்பிக்கைக்குக் காரணமாக இருக்கலாம்.

எனக்கு உண்மையிலேயே உறுத்துவது ஒன்று இருக்கிறது. கஷ்டகாலக் கதைகளில் எப்போதும் ஒரு நாயகன்தான். அப்பா வெறுங்காலோடு பள்ளிக்கு நடந்தார், அங்கே கொடுத்த அமெரிக்கக் கோதுமையையும் பால்பொடியையும் சாப்பிட்டுப் படித்தார், அரசு வேலைக்குப் போனார். எல்லாம் உண்மை. அதே வீட்டில் அப்பாவின் அக்காள், எங்களுக்கு மாமி, ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டுக் கயிறு திரிக்க உட்காரவைக்கப்பட்டார். அந்தக் கூலிதான் அப்பாவின் புத்தகம். மாமியின் கம்மலும் பணயத்துக்குப் போனது, திரும்பவில்லை. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் என்று பெருமை பேசுகிறோமே, அதற்குப் பின்னால் எத்தனை மாமிகள் கயிறு திரித்தார்கள் என்று யார் பேசுகிறார்கள்?

எல்லாவற்றையும் சின்னப் பிள்ளைகளிடம் சொல்லலாகாது என்பதும் சரிதான். வட்டிக்காரர் வாசலில் நின்று பேசிய பேச்சும், கடனில் உயிரை விட்டவர் கதையும் பதின்வயது வரை காத்திருக்கட்டும். சொல்லும் கதையிலும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "பிறகு சமாளித்துவிட்டோம், மக்களே." இல்லாவிட்டால் நாளைக்கு நம் வீட்டிலும் அரிசி தீர்ந்துவிடுமோ என்று பிள்ளை இரவெல்லாம் விழித்திருக்கும்.

இன்றைய கஷ்டத்தையும் மறைக்க வேண்டியதில்லை. 2011இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ரப்பர் விலை, 2016 தொடக்கத்தில் 100க்கும் கீழே போனது. மறுவருடம் நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்து மரங்களையே சாய்த்துவிட்டுப் போனது. கடலுக்குப் போனவர்களை இழந்த கரையோர வீடுகளின் துயரம் வேறு; அவர்கள் எதை, எப்போது பிள்ளைகளிடம் பேசுவது என்று நான் சொல்ல முடியாது. ரப்பரை நம்பிய எங்களைப் போன்ற வீடுகளில் பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுத்தோம். பிள்ளைகளுக்கு அந்தக் குசுகுசுப்புதான் அதிகப் பயம். "இந்த வருடம் புதுத்துணி ஒன்றுதான், சாப்பாட்டுக்கும் பள்ளிக்கும் குறைவில்லை" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

இந்தப் பதிவு அப்பாவுக்குப் பிடிக்காது. அவர் கணக்கில் அக்காள் படிப்பு ஏறாமல் நின்றவர். மாமியைக் கேட்டால், நான்காம் வகுப்பில் கணக்கில் தானே முதல் என்கிறார். கிறிஸ்துமஸுக்கு இருவரும் எங்கள் வீட்டில்தான் இருப்பார்கள். பிள்ளைகளை நடுவில் உட்காரவைத்து இரண்டு பேரையும் பேசவிடப் போகிறேன்.